தோன்றி தொலைந்த வழி

தோவாளைச் சந்தையில் பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கேந்தி எல்லாம் விடியும் முன்னே எடைபோட்டு லாரி ஏறிவிடும். நம் மாநில மலர் மட்டும் அங்கே விலைக்கு வந்து நான் கண்டதில்லை. அது சந்தையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், மலையடிவாரத்துக் கள்ளி வேலியில், ஆடிச் சாரல் விழுந்த கையோடு கொடியேறி யாருக்கும் வேண்டாததாகப் பூத்துக் கிடக்கும். சிறு வயதில் நான் அதன் முன்னால் நின்றபோது ஆச்சி என் தலையைத் திருப்பிவிட்டாள். "உத்துப் பாக்காத மக்கா, கண்ணு நோவும்." அவளுக்கு அது கண்வலிப்பூ. பள்ளிக்கூடம் போனதும் அது செங்காந்தள் ஆயிற்று. நாட்டு மருந்துக்கடையில் அதன் கிழங்குக்குக் கலப்பைக்கிழங்கு என்று பெயர். கல்குளம், விளவங்கோடு பக்கத்து மலையாள வீடுகளில் மேந்தோன்னி. ஈழத்தில் கார்த்திகைப்பூ. தாவரவியல் புத்தகத்தில் குளோரியோசா சுபெர்பா. ஆங்கிலம் படித்தவர்கள் குளோரி லில்லி என்பார்கள்.

ஒரே கொடிக்கு இத்தனை பெயர் இருப்பதில் வியப்பில்லை. ஊருக்கு ஒரு பெயர் எல்லாச் செடிக்கும் உண்டு. இந்தக் கொடியின் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொன்று. இதன் பழந்தமிழ்ப் பெயர்களில் ஒன்று கடல் கடந்து ஹாலந்து வரை போய், அங்கே லத்தீன் உடை உடுத்தி, அச்சேறி, அரை நூற்றாண்டு நன்றாக வாழ்ந்து, பிறகு ஒரு மனிதரின் இலக்கணப் பிடிவாதத்தால் நீக்கப்பட்டது. நீக்கிய இடத்தில் வந்து உட்கார்ந்த பெயரைத்தான் இன்று உலகம் முழுவதும் எழுதுகிறது.

முதலில் ஊர்ப்பெயர்களைப் பார்த்துவிடலாம். கலப்பைக்கிழங்கு என்பது மண்ணுக்குள் பார்த்தவன் வைத்த பெயர். கோடையில் கொடி முழுக்கக் காய்ந்துபோகும். மண்ணுக்கடியில் கிழங்கு மட்டும் உயிரோடு இருக்கும். அந்தக் கிழங்கு இரண்டு கையாகப் பிரிந்து, நாட்டுக் கலப்பையின் வளைவோடு இருக்கும். சமஸ்கிருதத்தில் லாங்கலி என்பதும் கலப்பையிலிருந்து வந்ததுதான். இதில் யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று சண்டை போட வேண்டியதில்லை. கிழங்கைத் தோண்டிய எந்த உழவனுக்கும் அந்த உவமை தானாக வரும். அக்கினிசிகை என்ற வடமொழிப் பெயர் பூவைப் பார்த்து வைத்தது. கண்வலி என்பது அச்சத்தில் பிறந்த பெயர். பூவைப் பார்த்தால் கண் நோவாது என்பது உண்மை. ஆனால் அந்தக் கொடியில் இலை, பூ, விதை, கிழங்கு எதுவும் வாயில் வைக்கத் தக்கதல்ல. பிள்ளைகளை அதனிடமிருந்து விலக்கி வைக்க நூறு வார்த்தை விளக்கம் சொல்வதைவிட 'கண்வலி' என்ற ஒரு சொல் நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

கார்த்திகைப்பூ என்பது காலத்தைச் சொல்லும் பெயர். வடகிழக்குப் பருவமழை மட்டுமே பெய்யும் ஊர்களுக்கு அது பொருந்தும். ஈழத்தில் அந்தப் பெயருக்குப் பின்னால் போரும் நினைவேந்தலும் சேர்ந்து இன்று தனிப் பாரமே ஏறிவிட்டது. நாஞ்சில் நாட்டுக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் ஒரு முறை, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை. எங்கள் பக்கத்துக் கொடி முதல் மழைக்கே முளைத்துவிடுவதால் மாதத்தின் பெயர் அதற்கு ஒட்டவில்லை.

இனி இலக்கியம். இங்கேதான் வழக்குக் கொஞ்சம் சிக்கல்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவது செங்காந்தள். அதே பட்டியலில் கொஞ்சம் தள்ளிக் கோடல் வருகிறது. இன்னும் தள்ளித் தோன்றியும் வருகிறது. கோடலை வெண்காந்தள் என்பது உரைமரபு. தோன்றியைச் செங்காந்தளின் வகை என்று அகராதிகள் சொல்கின்றன. அப்படியானால் கபிலர் ஒரே கொடியை மூன்று முறை எண்ணினாரா, அல்லது அவர் கண்ணுக்கு அவை மூன்று தனிச் செடிகளா? பி.எல். சாமி 1960களிலும் கு. சீநிவாசன் 1980களிலும் சங்கத் தாவரங்களை லத்தீன் பெயர்களோடு பொருத்திப் பார்த்து எழுதிய பிறகு, இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு யாரும் போக முடியாது.

மூன்று பெயருக்கு மூன்று செடி தேடுவோர் உண்டு. அந்தத் தேடலில் ஒரு இடறல் இருக்கிறது. காந்தளை ஒத்த, அதே மழையில் பூக்கிற, வெள்ளைப் பூவுடைய இன்னொரு கொடி நம் காட்டில் எளிதில் கைக்கு வருவதில்லை. நான் வேறு வழியில் போகிறேன். வேலியோரத்தில் ஒரே பூவைத் தொடர்ந்து சில நாள் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: மொட்டு பச்சை. அவிழும்போது வெளிறிய பச்சை மஞ்சள். அடுத்தடுத்த நாள்களில் நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். வாடுவதற்கு முன் பூ முழுக்கச் செங்குருதி நிறம். முல்லைப்பாட்டில் நப்பூதனார் கோடலை விரியும் உள்ளங்கையாகவும் தோன்றியை இரத்தமாகவும் அடுத்தடுத்துக் காட்டுகிறார். முதல் நாள் பூவும் ஐந்தாம் நாள் பூவும் ஒரே கொடியில் பக்கம் பக்கமாக நிற்பதைக் கண்டவர் எழுதியது போலவே அது எனக்குப் படுகிறது. கோடு என்றால் வளைதல் என்ற பொருள் உண்டு. இந்தப் பூவின் ஆறு இதழும் பின்னோக்கி வளையும். சூல்தண்டும் அடியிலேயே முறித்து வைத்தது போல் பக்கவாட்டில் மடங்கி நிற்கும். இப்படி மடங்குகிற சூல்தண்டு பூவுலகில் அபூர்வம். வளைவைக் கண்டவன் கோடல் என்றான், பச்சைக்கு நடுவே திடீரென்று தெரிந்த சிவப்பைக் கண்டவன் தோன்றி என்றான். இது என் கணிப்பு. உரையாசிரியர்களுக்கு இது உடன்பாடாக இருக்காது.

கபிலர் தாவரவியல் அட்டவணை போடவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பெண்ணும் அவள் தோழியும் பாறையில் குவித்த பூக்களின் பெயர்களை ஓசை பார்த்து அடுக்கிய புலவர் அவர். ஒரே செடியின் இரண்டு நிலைக்கு மக்கள் இரண்டு பெயர் வைத்திருந்தால் அவரும் இரண்டாகத்தான் எண்ணுவார். பூப்பு, காய், கனி என்று ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப்பெயர் வைக்கும் மொழியில் இது புதுமையல்ல. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரே பூவுக்கு ஏழு பெயர் சொன்ன மொழி இது.

திருமுருகாற்றுப்படை காந்தளை முருகனின் தலையில் சூட்டுகிறது. வண்டு மொய்க்காத காந்தள் என்றும் சொல்கிறது. தெய்வத்தின் பூ என்பதால் வண்டு அணுகவில்லை என்பார்கள். தேனீக் கூட்டம் இந்தப் பூவை மொய்த்து நான் கண்டதில்லை. வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வந்துபோவதைக் கண்டிருக்கிறேன். அந்த நூலைப் பாடிய நக்கீரரும் இதைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்னவோ.

காந்தள் என்ற பெயர் பாட்டோடு நின்றது. கடல் கடந்தது தோன்றி.

தமிழில் 'ன்ற்' என்று வருவது மலையாளத்தில் 'ன்ன்' ஆகும். ஒன்று அங்கே ஒன்னு, மூன்று அங்கே மூன்னு, கன்று அங்கே கன்னு. அந்த வழியில் தோன்றி தோன்னி ஆயிற்று. அதன் முன்னே 'மேல்' ஒட்டி, மேத்தோன்னி என்றும் மேந்தோன்னி என்றும் இரண்டு வடிவம் எடுத்தது. மேலே தெரிவது, உயரத்தில் தோன்றுவது. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்து ஏறும் கொடிக்கு இதைவிடச் சரியான பெயர் கிடைக்காது. நம் ஊர்ப் பேச்சில் தோன்றுதல் தோணுதல் ஆகிவிடும்; அந்தக் கணக்கில் தோன்றி தோணியாகியிருக்க வேண்டும். படகோடு குழம்பும் என்பதாலோ என்னவோ, கிழக்கு நாஞ்சிலில் அந்தப் பெயர் மறைந்து கண்வலியும் கலப்பையும் நின்றுவிட்டன. மேற்கே மேந்தோன்னி நிற்கிறது. தோவாளைக்கும் விளவங்கோட்டுக்கும் இடையே பேருந்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. சங்கச் சொல்லின் ஒரு வடிவம் மலையாளத்தின் கையில் பத்திரமாக இருப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

1670களில் கொச்சியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அதிகாரியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், மலபார்ச் செடிகளைப் படம் வரைந்து தொகுக்கத் தொடங்கினார். 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற அந்த நூல் 12 தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. செடியின் பெயரும் பயனும் சொன்னவர்களில் முதன்மையானவர் சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். கொங்கணி வைத்தியர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் மூவரும் உடனிருந்தார்கள். இவர்கள் கொடுத்த உறுதிமொழிகள் நூலிலேயே அச்சாகியிருக்கின்றன. ஐரோப்பியன் எழுதிய புத்தகத்தில் நம் வைத்தியனுக்கு இப்படிப் பெயர் போட்டு நன்றி சொன்னது அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம். பிற்காலத்தில் வந்த பல துரைமார் அதைச் செய்யவில்லை. 7-ஆம் தொகுதியில் நம் கொடி 'மெந்தோனி' என்ற தலைப்பில் இருக்கிறது. மேந்தோன்னியைக் கேட்ட காது அது. இந்த லத்தீன் நூலை ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவர கே.எஸ். மணிலால் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தார். ஆங்கில வடிவத்தைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-ல் வெளியிட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில், பால் ஹெர்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் டச்சுக் கம்பெனிக்காக இலங்கையில் பணியாற்றிச் செடிகளை உலர்த்திச் சேர்த்தார். பிறகு லெய்டன் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்துக்குத் தலைவரானார். 1687-ல் அந்தத் தோட்டத்துப் பட்டியலை வெளியிட்டபோது இந்தக் கொடிக்கு அவர் இட்ட பெயர் 'மெத்தோனிகா மலபாரோரும்'. மலபாரியரின் மெத்தோனிகா என்று பொருள். மெத்தோனிகா என்பது மேத்தோன்னி என்பதற்கு லத்தீன் வால் ஒட்டியது. வேறு விளக்கம் தேவையில்லை.

இதில் 'மலபாரியர்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் இருந்த டச்சுக்காரர்கள் தமிழர்களையும் மலபார்கள் என்றே அழைத்தார்கள். தரங்கம்பாடியில் தமிழை அச்சிட்ட சீகன்பால்கும் தமிழை மலபார் மொழி என்றுதான் எழுதினார். ஆகவே ஹெர்மனின் மலபாரியர் கேரளத்தவர்தானா என்று கேட்க இடம் இருக்கிறது. அவருக்குப் பெயர் சொன்ன வாய் கொச்சிக்காரருடையதா, யாழ்ப்பாணத்தாருடையதா? சொல்லின் ஒலி மலையாளப் பக்கம் சாய்கிறது. செடி வந்த வழி இலங்கைப் பக்கம் சாய்கிறது. அன்று தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே இன்றுபோல மாநில எல்லைக்கல் நடப்பட்டிருக்கவில்லை. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இது புரிய வைக்க வேண்டிய விஷயமே அல்ல. 1956 நவம்பர் 1 வரை நாமே திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள்.

ஆம்ஸ்டர்டாம் தோட்டத்தில் கொமெலின் குடும்பத்தார் இதே கொடிக்கு வேறு பெயர் எழுதினார்கள்: 'லிலியம் சைலானிக்கும் சுபெர்பும்'. இலங்கையின் பகட்டான லில்லி. பெயர்ச்சொல் தெரியாத செடியைக் கண்டதும் தன் வீட்டுத் தோட்டத்தில் எது போல இருக்கிறது என்று பார்ப்பது மனித இயல்பு. ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், அடியில் கிழங்கு, ஆகவே லில்லி. குளோரி லில்லி என்ற ஆங்கிலப் பெயர்வரை நீண்ட தவறு இங்கே விதைக்கப்பட்டது.

பாரிஸில் துர்னஃபோர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெத்தோனிகாவையே பேரினப் பெயராக ஏற்றுக்கொண்டார். அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய தாவரவியலாளர் அவர். வழக்குப்படி பார்த்தால் பெயர் நிலைத்துவிட்டது. பிறகுதான் ஸ்வீடனிலிருந்து கார்ல் லின்னேயஸ் வந்தார்.

லின்னேயஸுக்குப் பெயர் வைப்பதில் ஒரு கொள்கை இருந்தது. கிரேக்கமோ லத்தீனோ வேராக இல்லாத பேரினப் பெயர்கள் காட்டுமிராண்டித்தனமானவை என்பது 1737-ல் அவர் வெளியிட்ட 'கிரித்திகா போட்டானிகா' நூலின் தீர்ப்பு. அதே சமயம் ஹாலந்தில் ஜார்ஜ் கிளிஃபோர்ட் என்ற செல்வரின் தோட்டத்துச் செடிகளைப் பட்டியலிட்டபோது மெத்தோனிகாவை அடித்துவிட்டு குளோரியோசா என்று எழுதினார். புகழ்மிக்கது என்று பொருள். கொமெலினின் நீண்ட பெயரிலிருந்து 'சுபெர்பா'வை எடுத்துக்கொண்டார். 1753-ல் 'ஸ்பீசீஸ் பிளான்டாரும்' வெளியானபோது குளோரியோசா சுபெர்பா முழுப்பெயராயிற்று. அடியில் ஹெர்மனின் மெத்தோனிகாவையும் ரீடின் மெந்தோனியையும் மேற்கோளாகக் குறித்து, மலபாரில் வாழ்வது என்று எழுதினார். பெயரைத் துரத்தியவர் சான்றை மட்டும் வைத்துக்கொண்டார். நூலில் அவர் இதை ஆறு மகரந்தத்தாள், ஒரு சூல்தண்டு என்ற வகுப்பில் வெங்காயத்தோடும் லில்லியோடும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார். எண்ணிக்கையே அளவுகோலான வகைப்பாடு அது. நெல்லும் ஆறு மகரந்தத்தாள் உள்ளதுதான். சூல்தண்டு இரண்டு என்பதால் பக்கத்து வரிசைக்குப் போயிற்று.

குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்த 1741-ல்தான் லின்னேயஸ் உப்சாலாவில் பேராசிரியரானார். தோற்றவர்கள் குளச்சலை விட்டுப் போனார்கள். அவர்கள் அள்ளிச் சென்ற செடிகளின் ஏடுகள் வடக்கே வேலை செய்துகொண்டிருந்தன. ஹெர்மனின் இலங்கைத் தொகுப்பு 1744-ல் கோபன்ஹேகன் மருந்தாளர் ஒருவர் வழியாக லின்னேயஸின் கைக்கு வந்தது. அதை வைத்துத்தான் அவர் 1747-ல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். அதிலும் நம் கொடி உண்டு.

இந்த இடத்தில் லின்னேயஸை ஒரேயடியாகத் திட்டுவது எளிது. ஆனால் தம் கொள்கையை அவரே முழுக்கக் கடைப்பிடிக்கவில்லை. பாக்குக்கு அவர் வைத்திருக்கும் பெயர் அரிக்கா; அடைக்காய் என்ற சொல் அதற்குள்ளே இருக்கிறது. அது எப்படியோ தப்பித்தது, தோன்றி மாட்டிக்கொண்டது. 1763-ல் பாரிஸில் அடன்சன் என்பவர் நாட்டுப் பெயர்களை மதித்துப் பேரினங்களுக்கு வைத்தார். முருங்கை மொரிங்கா ஆனதும் புங்கம் பொங்காமியா ஆனதும் அவரால்தான். மெத்தோனிகாவுக்கும் வக்காலத்து வாங்கியவர்கள் பலர் இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஜெர்மனியில் குந்த் போன்றவர்கள் மெத்தோனிகா என்றே எழுதினார்கள். பெல்ஜியத்துத் தோட்ட இதழ்களிலும் அந்தப் பெயர் அச்சேறியது. 1796-ல் சாலிஸ்பரி என்ற ஆங்கிலேயர் இரண்டும் வேண்டாம் என்று யூகோன் என்று மூன்றாவதாக ஒன்று வைத்தார். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

வழக்கை முடித்தது சட்டம். தாவரப் பெயர்களுக்கான பன்னாட்டு விதிகள் 1753-ஐத் தொடக்கப் புள்ளியாக வைத்தன. அதற்கு முன் அச்சான பெயர் எவ்வளவு பழையதானாலும் முன்னுரிமைக் கணக்கில் வராது. 1687-ன் மெத்தோனிகா செல்லாக் காசாயிற்று. பழைய பத்திரம் கையில் இருந்தும், சர்வே எடுத்த ஆண்டுக்கு முந்தியது செல்லாது என்று தாலுகா அலுவலகத்தில் சொல்வது போல. இந்த விதியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏதோ ஓர் ஆண்டைத் தொடக்கமாக வைக்காமல் பத்து லட்சம் பெயர்களை ஒழுங்கு செய்ய முடியாது. என் குறை பெயரின் தரம் பற்றியது. தோன்றி என்ற பெயர் கொடியின் நடத்தையைச் சொன்னது. புகழ்மிக்கது, பகட்டானது என்ற இரண்டு சொல்லும் ஹாலந்துக் கண்ணாடி வீட்டில் அதைப் பார்த்தவனின் வாய் பிளந்ததைத்தான் சொல்கின்றன.

பேரினத்துக்குள் லின்னேயஸுக்குப் பிறகு நடந்ததை விரைவாகக் கடந்துவிடலாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒவ்வொரு நிற வேறுபாட்டுக்கும் தோட்டக்காரர்கள் ஒரு தனி இனப்பெயர் வைத்தார்கள். பச்சையாகப் பூத்தது ஒரு பெயர், இதழ் நெளியாமல் இருந்தது ஒரு பெயர், பணக்கார ராத்ஸ்சைல்டு குடும்பத்தின் நினைவாக 1903-ல் ஒரு பெயர். கபிலருக்கு மூன்று பெயர் என்று நாம் குழம்பினோமே, இவர்கள் அதைவிடப் பெரிய குழப்பத்தைச் செய்து வைத்தார்கள். பிற்பாடு கியூ தோட்டத்து ஆய்வாளர்கள் இவற்றில் பெரும்பாலானவை ஒரே இனத்தின் வேறுபாடுகள் என்று சொல்லி மீண்டும் சுபெர்பாவுக்குள் தள்ளினார்கள். இந்தியாவில் வளர்வது இந்த ஒரே இனம்தான். 2007-ல் வின்னர்ஸ்டென், மானிங் இருவரும் லிட்டோனியா என்ற ஆப்பிரிக்கப் பேரினத்தையும் குளோரியோசாவுக்குள் சேர்த்தார்கள். லிட்டோனியாவின் பூ மணிபோலக் கவிழ்ந்து தொங்கும், இதழ் பின்னால் வளையாது. பார்வைக்குத் தூரம், மரபணுவில் நெருக்கம்.

குடும்ப வழக்குதான் சுவையானது.

1789-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜூசியூ தாவரக் குடும்பங்களை வகுத்ததிலிருந்து இந்தக் கொடி லிலியேசியில் இருந்தது. ஆங்கிலேயத் தாவரவியலாளர்களான பெந்தமும் ஹூக்கரும் 1883-ல் அதை உறுதி செய்தார்கள். நம் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக அந்த வகைப்பாட்டைத்தான் மனப்பாடம் செய்தோம். அந்த லிலியேசி, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. வெங்காயம், பூண்டு, சோற்றுக்கற்றாழை, தண்ணீர்விட்டான், காந்தள் என்று வந்தவரெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு இதழும் மேல் சூலகமும் இருந்தால் இலை போட்டாயிற்று. இதிலிருந்து கொல்சிகேசி என்ற குடும்பத்தைத் தனியாகப் பிரிக்கலாம் என்று சுவிட்சர்லாந்தின் டி கண்டோல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். கேட்பார் இல்லை. டென்மார்க்கின் டால்கிரென் குழுவினர் 1985-ல் அதை மீண்டும் எடுத்தார்கள். 1998-ல் மரபணு வரிசையை அடிப்படையாகக் கொண்ட ஏ.பி.ஜி. வகைப்பாடு வந்தபோது தீர்ப்பாகிவிட்டது. காந்தள் கொல்சிகேசி. வெங்காயமும் கற்றாழையும் வேறு வரிசைக்கே போய்விட்டன. லில்லியும் காந்தளும் லிலியேல்ஸ் என்ற ஒரே வரிசையில் இருந்தாலும் குடும்பம் வேறு. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், பாகம் பிரிந்து பல தலைமுறையான சொக்காரன், தீட்டுக்கூடக் கிடையாது. அசல் லில்லியைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்கோ பழனி மலைக்கோ ஏற வேண்டும். ராபர்ட் வைட் பெயரிட்ட வெள்ளைக் குழல் பூவான நீலகிரி லில்லி அங்கே புல்வெளியில் பூக்கும்.

மரபணு வருவதற்கு முன்பே இந்தத் தீர்ப்பைச் சொன்ன சாட்சி ஒன்று உண்டு: நஞ்சு. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கொல்சிக்கம் என்ற செடியிலிருந்து பெல்லத்தியே, காவந்தூ இருவரும் 1820-ல் ஒரு நஞ்சுப்பொருளைப் பிரித்தார்கள். அதுதான் கொல்சிசின். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் வார்டன் என்ற வேதியியலாளர் நம் கலப்பைக்கிழங்கிலிருந்து ஒரு பொருளைப் பிரித்துச் சுபெர்பின் என்று புதுப்பெயர் வைத்தார். 1915-ல் இங்கிலாந்தில் கிளூவர், கிரீன், டியூட்டின் மூவரும் ஆராய்ந்து, கிழங்கில் இருப்பது கொல்சிசின் என்று காட்டினார்கள். ஒரு செடிக்கு மட்டுமல்ல, அதன் நஞ்சுக்கும் தவறான பெயர் வைத்துத் திருத்த வேண்டியிருந்தது! லில்லியில் இந்த நஞ்சு இல்லை. கொல்சிக்கத்திலும் காந்தளிலும் இருக்கிறது. உறவு எந்தப் பக்கம் என்று கிழங்கு எழுபது ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. வகைப்பாட்டுக்காரர்கள் இதழை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வைத்தியர்கள் எண்ணியது இதழை அல்ல. லாங்கலியை நஞ்சுகளின் பட்டியலில் வைத்து, கோமியத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்க்க வேண்டும் என்றது பழைய மருத்துவம். செடியைப் பூவால் அல்ல, உடம்புக்குள் அது செய்யும் காரியத்தால் வகுத்த முறை அது. அதை அறிவியல் வகைப்பாடு என்று நான் சொல்ல மாட்டேன்; அப்படிச் சொல்லி மார் தட்டுவோர் நம்மிடையே ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஒரு வழக்கில் அவர்கள் பிடித்த நுனி சரியான நுனி.

கொல்சிசின் இன்று கௌட் என்ற மூட்டுவாதத்துக்கான மருந்து. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரட்டிக்க வைக்கும் அதன் குணத்தைத் தாவர இனப்பெருக்க ஆய்வாளர்கள் 1937 முதல் பயன்படுத்துகிறார்கள். இந்தத் தேவைக்காக ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் உழவர்கள் பந்தல் போட்டுக் காந்தளைப் பயிரிடுகிறார்கள். விதைதான் விளைச்சல். பூவின் சூல்தண்டு விலகி நிற்பதால் காய் பிடிக்க ஒவ்வொரு பூவிலும் கையால் மகரந்தம் தடவுகிறார்கள். அங்கே போய்ச் செங்காந்தள் என்று கேட்டால் சிரிப்பார்கள். கண்வலிக்கிழங்கு என்றால்தான் விலை சொல்வார்கள். நாஞ்சில் நாட்டில் வேலியில் கிடப்பதை அங்கே வேலி போட்டுக் காக்கிறார்கள்.

பெயர் தெரியாமல் போவதால் வரும் கேடு ஏட்டோடு நிற்பதில்லை. கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்றவர்கள் இலங்கையிலும் தமிழகத்திலும் உண்டு. தின்று பிழைத்த இலங்கைப் பெண் ஒருவருக்குத் தலைமுடி முழுவதும் கொட்டிப்போனதை 1966-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் பதிவு செய்தது. அவளுக்கு என் ஆச்சியைப் போல ஒருத்தி பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கிழங்கு சட்டிக்குப் போயிருக்காது.

ஆக, வழக்கின் நிலை இது. அறிவியல் பெயர் குளோரியோசா சுபெர்பா, அது மாறப்போவதில்லை. குடும்பம் கொல்சிகேசி, லிலியேசி என்று இன்னும் அச்சிடும் கையேடுகள் திருத்தப்பட வேண்டும். லில்லி என்ற ஆங்கில வால் வெறும் வழக்கு, உறவுமுறை அல்ல. தமிழில் செங்காந்தள் அரசின் பெயராகிவிட்டது, நல்லது. அதற்காகக் கண்வலியையும் கலப்பையையும் கொச்சை என்று ஒதுக்கி, பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். 1737-ல் ஸ்வீடன்காரர் செய்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கீரிப்பாறை, காளிகேசம், பூதப்பாண்டி, பேச்சிப்பாறைப் பக்கம் இருக்கிறவர்களுக்கும், மேற்கே விளவங்கோட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சாரலுக்கு இந்தக் கொடி பூக்கும்போது வீட்டிலுள்ள முதியவர்களிடம் பெயர் கேளுங்கள். மேந்தோன்னியோ, மேத்தோணியோ, வேறெதுவோ, அவர்கள் சொன்ன ஒலியிலேயே, ஊரும் மாதமும் சேர்த்து எழுதி வையுங்கள், திருத்தாதீர்கள். கிழங்கைத் தோண்ட வேண்டாம். தோண்டினால் கையைக் கழுவுங்கள்.